எக்ஸ்ரே அக்காவின் ஒரே படம்

யாருடைய போனைக் கையில் வாங்கினாலும் அவள் முதலில் ஓரடி பின்னால் போவாள். அப்புறம் அரையடி முன்னால் வருவாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, "இழுங்க… புடிச்சுக்கோங்க…" என்பாள். எதிரே நிற்பவர்கள் சிரிப்பை மறந்து நெஞ்சை நிமிர்த்துவார்கள். விரல் பட்டு படம் விழுந்த பிறகும் ஒரு கணம் அவர்களை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுத்தான், "ம்… விடுங்க" என்பாள்.

வேலைக்காலம் முழுவதையும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் கழித்தவள். ஆளைப் பலகையோடு நிறுத்திவிட்டு, கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் சொல்லி வந்த சொற்கள் இந்த மூன்றும்தான். அவள் ஓய்வு பெற்றும் அவை ஓய்வு பெறவில்லை. சுற்றுலா பஸ்ஸில் ஏறிய முதல் நாளே பெயர் விழுந்துவிட்டது: எக்ஸ்ரே அக்கா.

மாநிலம் முழுக்க இருக்கும் பழைய ஓவியக்கூடங்கள், அரண்மனைகள், கோட்டைகளை ஒரு வாரத்தில் சுற்றிக் காட்டும் பஸ் அது. இரண்டு சீட்டாகப் பதிவு செய்திருந்தவள் தங்கை. கணவன் போன பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவள். ஒரே அடுப்பு, ஒரே டிவி, ஓயாத சண்டை என்று இருவருக்கும் காலம் நன்றாகவே ஓடியது. பஸ் கிளம்பச் சில நாள் இருக்கையில், தூரத்து ஊரில் தங்கையின் மகனுக்குக் குழந்தை பிறந்தது. தங்கை பெட்டியைக் கட்டினாள். போன கையோடு போனில் ஆரம்பித்தாள்.

"நீயும் வந்துடுக்கா. வீட்டப் பூட்டிடலாம். அங்க தனியா கெடந்து என்ன பண்ணப் போற?"

"ஊர் சுத்தப் போறேன்டி."

"நீயா? தனியாவா? முக்குக் கடைக்குப் போகவே என்னத் தொணைக்குக் கூப்பிடுவ."

"போய்ட்டு வந்து பேசறேன்."

"சரி, பந்தயம். நீ நிக்கற மாதிரி ஒரு படம் அனுப்பு. கட்டடம் வேணாம், செல வேணாம், உன் மூஞ்சி வேணும். உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும், உன்னால தனியா இருக்க முடியுமா முடியாதான்னு. முடியும்னு பட்டா அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன். முடியாதுன்னா பேசாம மூட்டையக் கட்டணும். சம்மதமா?"

சம்மதம் என்றுவிட்டாள். அந்த வீட்டில் அவளாகப் பூட்டி அவளாகத் திறக்கும் கதவு ஒன்று இருந்தது. தங்கை மகன் வீட்டில் இருக்கப்போவது ஒரு மூலைக் கட்டில். ஒரு படம்தானே, அது என்ன பெரிய வித்தை என்று நினைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் தங்கையின் இடம். அதைக் காலியாகவே வைத்துக்கொண்டாள். முதல் நாள், பின்சீட்டு வங்கிக்காரரின் மனைவி "ஆள் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டு ஒரு பையை வைத்தாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. குடைகள், தொப்பிகள், ஓவியக்கூடத்துக் கடையில் வாங்கிச் சுருட்டிய படங்கள் எல்லாம் அங்கே வந்து குவிந்தன. பிரேக் போடும்போதெல்லாம் யாருடைய ஸ்வெட்டராவது அவள் மடியில் சரியும். மடித்துத் திரும்ப வைப்பாள்.

படம் எடுக்க மட்டும் அவளைத் தேடினார்கள். அரண்மனையின் சாப்பாட்டு மண்டபத்தில், யாரும் உட்காராத நீள மேஜைக்கு முன்னால். ராணிகளின் ஓவியங்களுக்கு அடியில். பீரங்கியின் மேல் கைபோட்டபடி. "எக்ஸ்ரே அக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு!" எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். 'எனக்கும் ஒண்ணு' என்பது அவள் தொண்டைவரை வந்து நிற்கும். அதற்குள் அவர்கள் அடுத்த அறையில் இருப்பார்கள்.

ஒருமுறை வங்கிக்காரர் மனைவியே, "நீங்க நில்லுங்கக்கா, நான் எடுக்கறேன்" என்றாள். அவள் முடியை ஒதுக்கி, முகத்தைத் துடைத்து நிமிர்வதற்குள் வழிகாட்டி கையைத் தட்டிவிட்டான். "வண்டி கெளம்புது, வாங்க வாங்க!" ஆளுக்கு ஒரு திசையாக ஓடினார்கள். ராணிகள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கைக்குத் தூண்களை அனுப்பினாள். 'தூண் நல்லாருக்கு. எங்க அக்கா எங்க?' என்று பதில் வந்தது. மறுநாள் ஓவியம் தீட்டிய கூரையை அனுப்பினாள். 'கூரையில தொங்கறியா?'

கடைசி இடம் ஒரு சிற்பத் தோட்டம். புல்வெளியில் கல் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேருக்குத் தலை இல்லை. நெஞ்சுப் படத்துக்கு இப்படி ஆள் வந்தால் எவ்வளவு சௌகரியம், 'தாடையத் தூக்குங்க' என்று கத்த வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் இன்னொரு சிலை.

மற்றவர்கள் எல்லோரும் கடைக்குள் இருந்தார்கள். டிரைவர் மட்டும் வாசல் கம்பியில் சாய்ந்து நின்றான். இதை விட்டால் வேறு இடமில்லை.

"தம்பி, என்ன ஒரு படம் எடுத்துத் தருவீங்களா?"

"நானா? எனக்கு ஸ்டியரிங்தான்க்கா புடிக்கத் தெரியும்."

"சும்மா அமுக்கினாப் போதும்."

"எங்க, இந்தத் தலையில்லாத அம்மா பக்கத்துலயா? ரெண்டு பேர்ல யாரு நீங்கன்னு அடியில எழுதித்தான் அனுப்பணும்."

அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். அவன் போனைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அவளைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு சொன்னான்: "இழுங்க… புடிச்சுக்கோங்க…"

இழுத்தாள். பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சொல் வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. படம் விழுந்ததா இல்லையா என்று போனையே முறைத்துக்கொண்டு நின்றான். எப்போது மூச்சை விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"விழுந்திருச்சுன்னு நெனைக்கறேன்க்கா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

தன் முகத்தைப் பார்க்கக் கூச்சம் அவளுக்கு. திரையைச் சரியாகப் பார்க்காமலே தங்கைக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம்தான் தங்கை கூப்பிட்டாள். "பார்த்தேன்."

"சரி, என்ன தெரிஞ்சுது? சொல்லித் தொலை."

"வீட்டப் பூட்ட வேணாம். நீ அங்கயே இரு."

"ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி. கொழந்தைக்கு இருந்துச்சு, எனக்கும் ஒட்டிக்கிச்சு." வழக்கமாக 'வைக்கறேன்' என்பவள், அன்று வைக்கும்போது சொன்னாள்: "ம்… விடுங்க."

"கொழுப்புடி உனக்கு" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து, அவளாகக் கதவைத் திறந்தாள். டிவி முன்னால் இரண்டு நாற்காலிகளும் போட்டது போட்டபடி கிடந்தன. எதையும் நகர்த்தவில்லை. அன்றிலிருந்து தங்கையின் போன் தினமும் அப்படித்தான் முடிந்தது. தன் பழைய வேலையைக் கேலி செய்கிறாள் என்று அக்கா விட்டுவிட்டாள். நாளாக ஆக, அதைக் கேட்காமல் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், இனி இடமில்லை என்று போன் அடம்பிடித்தது. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினார்.

"இதெல்லாம் படம்மா. இது வீடியோ."

"எனக்கு வீடியோ எடுக்கவே தெரியாதே."

அவர் விரலால் தட்டி, போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தங்கைக்கு அனுப்பியதுதான் அது. தலையில்லாத கல் பெண்ணுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். கன்னம் உப்பி, நெஞ்சு நிமிர்ந்து, எதிரே இருப்பவன் ஏதோ சொல்வான் என்று காத்துக்கொண்டு. முடி மட்டும் காற்றில் அசைந்தது. நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். யாரும் சொல்லவில்லை. கடைசியில் தலையை லேசாக அசைத்து, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதுபோல் மரியாதையாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "ம்… விடுங்க."