நீக்கப்பட்ட மூன்று வாக்கியங்கள்

எழுத்தம்மாவின் வேலை ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்புவது. கேமராவுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் செய்தியின் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறும். வாசிப்பவர் கேமராவைப் பார்ப்பதுபோல் அவற்றைப் படிப்பார். வீட்டில் பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி தெரியாது. அந்த உள்ளூர் சேனலில் பதினாறு வருடமாகச் சக்கரம் அவள் கையில் இருந்தது. அவளுக்கு வேறு பெயர் உண்டென்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், வாசிப்பவர் எழுத்தின் பின்னால் ஓடுகிறார் என்று நினைப்பார்கள். எழுத்துதான் அவர் பின்னால் ஓட வேண்டும். அவர் செருமினால் நிற்க வேண்டும், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டும். இதை அவள் ஒருமுறை வீட்டில் விளக்கியபோது, பள்ளிக்கூடத்தில் மின் பழுது பார்க்கும் அவள் கணவர், தான் பேசுவதற்கும் அப்படி ஏதாவது சக்கரம் வைத்திருக்கிறாளா என்று கேட்டார். நிறுத்துவதற்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

அவள் சக்கரத்துக்குப் பேசியவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாக ஏழு மணிச் செய்தி வாசித்தவர். ஊரில் அவரை ஏழு மணி என்றே சொன்னார்கள். காலை பத்து மணிக்கு முடிவெட்டப் போனாலும், ஏழு மணி வந்திருக்கார், நாற்காலியைத் துடை என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. சுவரில் ஈரக்கறை பரவுவதுபோலப் பரவியது. ஓரங்கள் தெரிந்தன: கதவு, நாற்காலி, எதிரே வரும் ஆள். நேராக எதைப் பார்த்தாலும் அது காணாமல் போனது. கண்ணாடி போட்டுப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை அவர் எழுத்தம்மாவிடம் மட்டும் சொன்னார். படிக்க முடியாத வாசிப்பாளர் அன்றைக்கே வீட்டுக்குப் போவார். தெரிந்தும் மறைத்தவள் கூடவே போவாள். இது இருவருக்கும் தெரியும். பேசவேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். வழக்கமான அளவு நாற்பது. அவருக்கு ஐம்பது, பிறகு அறுபது, கடைசியில் தொண்ணூறு. ஒரு வரியில் மூன்று சொல். கேமரா ஏழடி தூரத்தில் இருந்தது, அவள் அதன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வாசிப்பவரைத் தவிர வேறு யாரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஓடியது.

அப்புறம் சேனல் கை மாறியது. பழைய முதலாளி சினிமா கொட்டகைக்காரர். சேனலை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார். புதியவர் அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டுகிறவர். அவருடைய மனைவியின் தம்பி மேலாளராக வந்தார். முதலாளி சேனலை வாங்கினார், நாம மச்சானை வாங்கிக்கிட்டோம் என்று ஒப்பனைக்காரர் சொன்னதிலிருந்து, முதுகுக்குப் பின்னால் மேலாளருக்கு மச்சான் என்றே பெயர். முதல் மாதத்தில் ஒன்பது பேர் போனார்கள். இரண்டு கேமராக்காரர்கள், பிழை திருத்துபவர், ஊரில் எந்தச் சுவர் யாருடையது என்று தெரிந்த ஒரே உதவி ஆசிரியர். அடுத்த மாதம் சேனலின் முகம் மாறியது.

பழைய முகம் என்பது ஒரு நீலத் துணி, ஒரு மேசை, தண்ணீர் கேட்காத ஒரு பிளாஸ்டிக் செடி. மேசைக்கு மேல் ஏழு மணி கோட்டும் டையும் போட்டிருப்பார். மேசைக்குக் கீழே ரப்பர் செருப்பு. புதிய முகத்தில் மேசை இல்லை. சுவர் முழுக்கத் திரை. சிவப்பும் தங்கமுமாகப் பட்டைகள் சீறிக்கொண்டு வந்து நின்றன. கீழே ஒரு பட்டை, அடுத்து என்னென்ன செய்தி என்று காட்டியது. வாசிப்பவர் பளபளக்கும் தரையில் நின்று, நான்கு எட்டு நடந்து, கை வீசிப் பேச வேண்டும். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். சேனல் அவருக்கு ஷூ வாங்கிக் கொடுத்தது. கால் தெரிவதற்காகக் கேமரா பதினாறடிக்குப் பின்னால் போனது. தரையில் எழுத்தம்மாவின் நிழல் விழுந்ததால் அவள் நாற்காலி கட்டுப்பாட்டு அறைக்குள், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

ஒத்திகை முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளையாக ஏதோ ஊர்கிறது என்றார்.

அன்றிலிருந்து அவர் படிப்பதை விட்டு மனப்பாடம் செய்தார். தினமும் ஐந்து மணிக்கு ஒப்பனைக்காரர் டீ குடிக்கப் போனதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பதினெட்டுச் செய்திகளையும் இரண்டு தடவை படிப்பாள். மூன்றாவது தடவை அவர் சொல்வார். எண்கள் வரும் இடங்களைக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு முடிந்துகொள்வார். கடைசி நேர மாற்றம் வந்தால், விளம்பர இடைவேளையில் கண்ணாடி துடைக்கும் சாக்கில் போய்க் காதில் சொல்லுவாள். மற்ற நேரமெல்லாம் அவர் பேசப் பேச எழுத்தை ஏற்றினாள். மூன்று மாதம் ஒரு பிழை இல்லை. மச்சான் ஒருநாள் பாராட்டினார். பாக்காமலே பேசற மாதிரி இருக்கு சார், அதுதான் நமக்கு வேணும் என்றார். மாடிப்படி இறங்கும்வரை இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அந்த நாளின் பதினாலாவது செய்தி மூன்று வாக்கியம். சந்தைக்குப் பக்கத்து ஆறு மாடி வணிக வளாகத்தில், அடித்தளத் தூண் ஒன்றில் விரிசல். ஆய்வு முடியும்வரை கடைகளைக் காலி செய்ய நகராட்சிப் பொறியாளர் நோட்டீஸ் கொடுத்திருந்தார். கீழே யாரும் வண்டி நிறுத்த வேண்டாம். வளாகத்தைக் கட்டியது யார் என்று செய்தியாளருக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய உதவி ஆசிரியர் முதல் மாதமே போய்விட்டார். செய்தி வரிசையில் ஏறியது. எழுத்தம்மா அதை ஐந்து மணிக்கு இரண்டு தடவை படித்தாள்.

ஏழு ஒன்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளரின் போன் அடித்தது. வீட்டில் டிவி முன்னால் இருந்த மச்சான், கீழே ஓடிய புதுப் பட்டையில் தூண் விரிசலைப் பார்த்துவிட்டார். தயாரிப்பாளர் சரி சார், சரி சார் என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுத்தம்மா பக்கம் திரும்பினார்.

"பதினாலை எடுத்துடு. பதிமூணு முடிஞ்சா நேரா வானிலை."

எடுத்துவிட்டாள். கைக்கு அது பழக்கம். மூன்று வாக்கியமும் போய், பதிமூன்றின் அடியில் வானிலை வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள்.

அவர் பத்தாவது செய்தியில் இருந்தார்.

விளம்பரம் வானிலைக்குப் பிறகுதான். அதற்குமுன் அவள் அங்கே போக வழியில்லை. அவர் காதுக்குப் போகும் மைக் தயாரிப்பாளர் மேசையில் மட்டும் இருந்தது. முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டாள்.

"சார், பதினாலு இல்லேன்னு அவர் காதுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

தயாரிப்பாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எழுதாததை அவர் எப்படிம்மா படிப்பார்? ஒழுங்கா ஓடிட்டிருக்கற மனுஷனை எதுக்குக் குழப்பணும்?"

அவர் சொன்னது நியாயம். வாசிப்பவருக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. கண்ணாடிதான் சொல்லும். அவருக்குக் கண் தெரியாது சார் என்று ஒரு வரி சொன்னால் போதும். அது நாக்கு நுனியில் நின்றது. ஆனால் போன் இன்னும் உயிரோடு இருந்தது, மறுமுனையில் மச்சான் இருந்தார். தயாரிப்பாளர் போனை வைக்கட்டும் என்று காத்தாள். அவர் வைக்கவில்லை. பதினொன்று போனது.

ஏழு மணியின் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். அவள் எழுத்தை முழுக்க அணைத்து, கண்ணாடியை வெள்ளையாக்கினாள். மறுபடி அணைத்தாள். மூன்று தடவை. ஏழு மணி அரை நொடி தயங்கினார். மின்சாரம் ஆட்டம் போடுகிறது என்று நினைத்திருப்பார். புன்னகைத்துத் தொடர்ந்தார். அவர்களிடம் விளம்பரத்துக்கு ஒரு சைகை இருந்தது, வேகமாகப் போவதற்கு ஒன்று இருந்தது. ஒரு செய்தியை விட்டுவிடு என்பதற்கு இல்லை.

பன்னிரண்டில் இருபது நொடி வீடியோ. எழுந்தாள்.

"எங்க போற?"

"கண்ணாடியில தூசி சார்."

"இப்பவா? உட்காரு."

உட்கார்ந்தாள். பதிமூன்று, நிழற்குடை இல்லாத பேருந்து நிறுத்தம் பற்றியது. அதை இன்னும் நீளமாக எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. நான்கு வரி. முடிந்தது. சக்கரத்தைத் திருப்பி வானிலையை மேலே கொண்டுவந்தாள். பதினாறடிக்கு அப்பால் ஏழு மணி கற்றுக்கொடுத்தபடி நான்கு எட்டு நடந்து, திரும்பி நின்று, மூச்சு எடுத்தார். அந்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வானிலைக்கு அவர் அவ்வளவு எடுப்பதில்லை.

தூணில் விரிசல் என்றார். தெளிவாக, அவசரமில்லாமல், ஆறு மாடி, அடித்தளம், பொறியாளரின் நோட்டீஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் விரல் சக்கரத்தின்மேல் இருந்தது. திருப்ப ஒன்றுமில்லை. அவர் எழுத்தில்லாமல் பேசுவதை அவள் முதல் தடவையாக வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தயாரிப்பாளர் போனை மேசையில் போட்டுவிட்டு மைக்கை அழுத்தினார். அது வேண்டாம், அடுத்தது போங்க என்றார். அது ஏழு மணியின் காதில் விழுந்தது. ஆனால் தொடங்கின வாக்கியத்தை அவர் பாதியில் விட்டதே இல்லை. கீழே யாரும் வண்டி நிறுத்த வேண்டாம் என்று முடித்துவிட்டு வானிலைக்குப் போனார். மேசையில் கிடந்த போனிலிருந்து சின்னக் குரல் வந்துகொண்டே இருந்தது.

மச்சான் இருபது நிமிடத்தில் வந்தார். மேலாளர் அறையில் நால்வர். தயாரிப்பாளர் முந்திக்கொண்டார். தான் உடனே சொல்லிவிட்டதாகவும், எழுத்தம்மா நீக்காமல் விட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். விளம்பர நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணாடியில் என்ன ஓடியது என்று தான் கவனிக்கவில்லையாம். ஏழு மணி, எழுதியிருந்ததைப் படித்தேன், நிறுத்தச் சொன்னது தாமதமாகக் காதில் விழுந்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வாக்கியமும் கண்ணாடியில் இருந்தன என்றே நம்பினார். அதைச் சொல்லிவிட்டு எழுத்தம்மாவின் முகம் தெரிவதற்காக அவள் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தார்.

மச்சான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ எடுத்தியா, இல்லையா?"

மறந்துவிட்டேன் என்றால் போவது அவள். பதினாறு வருடம் போகும். வேறு எங்கேயும் யாருக்கும் தேவைப்படாத ஒரு வேலையைத்தான் அவள் கற்றிருந்தாள். எடுத்தேன் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். இரண்டையும் எடைபோட நேரம் இருந்தது. அதைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

"எடுத்தேன் சார். மெஷின்ல இருக்கு, பாத்துக்கலாம்."

ஏழு மணியின் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது.

"அப்ப இவர் எதைப் பாத்துப் படிச்சார்?"

கேள்வி அவளிடம்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"எதையும் பாக்கல," என்றார் ஏழு மணி. "வானிலைதான் ஓடிச்சு. தூண் சமாச்சாரத்தைச் சாயங்காலமே மனசுல ஏத்தியிருந்தேன். அதைச் சொன்னேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

மச்சானின் முகம் சற்றுத் தெளிந்தது. புரியாத ஒன்று புரிகிற ஒன்றாக மாறிவிட்டது. திமிர் அவருக்குத் தெரிந்த விஷயம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஏழு மணி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குனிந்து ஷூவையும் கழற்றினார். இதுவும் சேனலோடதுதான் என்று அதை மேசைக்குக் கீழே ஜோடியாகத் தள்ளிவைத்தார். பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சுவரை லேசாகத் தொட்டபடி இறங்கியதை எழுத்தம்மா மட்டும் கவனித்தாள். தயாரிப்பாளர் அவளைப் பார்க்கவில்லை. சொன்னதை உடனே செய்தவள் என்று மச்சான் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

வளாகம் நான்கு நாள் மூடியிருந்தது. தூணைச் சுற்றி இரும்புச் சட்டம் அடித்தார்கள். திறந்தார்கள். ஒன்றும் விழவில்லை. பாதிப் பேர் செய்தியே கிளப்பிவிட்டது என்றார்கள். மீதிப் பேர் செய்தி வந்ததால்தான் விழவில்லை என்றார்கள். முதலாளியின் சேனலில் நின்றுகொண்டே முதலாளியின் கட்டடத்தைச் சொன்ன மனிதர் என்பதில் மட்டும் இரண்டு பாதியும் ஒத்துப்போயின.

ஒரு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். யாரோ ஒருவர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உங்களை மாதிரி நாலு பேர் வேணும் சார் என்றார். ஏழு மணி அந்த மனிதரின் தோளுக்கு மேலே பார்த்துத் தலையசைத்தார். அந்த ஆள் போனதும் அவள் பக்கத்தில் போய் நின்றாள். குரல் கொடுக்குமுன்பே, வாம்மா என்றார்.

வீட்டைப் பற்றிக் கேட்டார். புதிதாக வாசிக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டார். எழுத்து எவ்வளவு வைத்திருக்கிறாய் என்றார். நாற்பது என்றாள்.

"அந்தப் பொண்ணு மூச்சு எடுக்கறதுக்குள்ள நீ ஏத்திடறே. கேக்கும்போதே தெரியுது. கொஞ்சம் பிடிச்சு ஓட்டு."

சரி என்றாள். அவர் தினமும் கேட்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு நான் எப்படியாவது உங்க காதுல போட்டிருந்தா, அண்ணே?"

அவர் யோசிக்கவில்லை.

"வானிலைக்குப் போயிருப்பேன்."

தூரத்தில் ஒரு பேருந்து திரும்பியது. அவர் கேட்குமுன் அவள் பலகையைப் படித்துச் சொன்னாள். அது அவருடைய வண்டி இல்லை. அவளுடையது. அவள் ஏறவில்லை.