புதுப் பலகையைப் பழசாக்கினேன்

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் திகதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையெழுத்து அழகு என்பார்கள். எனக்கு அதில் வேறொரு நிம்மதி இருந்தது. எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். ஓ.எல் பரீட்சையோடு படிப்பு நின்றது, கூச்சம் நிற்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் கறி வராவிட்டால் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்புகிற ஆள் நான். ஐம்பதை நெருங்கும்வரை எவரிடமும் "நான் செய்கிறேன்" என்று முன்வந்து சொன்னதில்லை.

முதல்முறை சொன்னது மிஸ்ஸிடம். அவர் மட்டக்களப்பு டவுனில் இருக்கும் பறங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் வாவியைப் பார்த்தபடி கிடந்த காணியில் இரண்டு அறை கட்டி, வெளியூர் ஆட்களுக்கு வாடகைக்கு விட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். நான் அங்கே சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். வாசலுக்கு 'வாவிக்கரை வீடு' என்று ஒரு பலகை வேண்டும், ஆனால் பெயின்ட் உரிந்து, காலம் தின்றதுபோல இருக்கவேண்டும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். டவுனில் கேட்ட விலைக்கு இன்னொரு கட்டில் வாங்கிப் போடலாம் என்று சலித்துக்கொண்டார்.

"நான் செஞ்சு பாக்கட்டா மிஸ்?"

என் வாயிலிருந்துதான் வந்தது. மிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஏலுமா உங்களுக்கு? சனிக்கிழமை முதல் ஆக்கள் வாறாங்க. வாசல் வெறுமையாக் கிடக்கக்கூடாது."

"ஏலும்" என்றேன். இதைச் செய்து கொடுக்காமல் விட்டால் இனி நான் எதற்கும் வாய் திறக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

பலகைக்குக் காசு போகவில்லை. டைல்ஸ் இறக்கிய மரத்தட்டு மிஸ்ஸின் வளவுக்குள் மழையில் கிடந்தது. அதிலிருந்து மூன்று பலகைகளை அவர் கழற்றித் தந்தார். 'அவர்' என்றால் என் வீட்டுக்காரர். பின்னால் குறுக்குக் கட்டை வைத்து அவரே சேர்த்து அடித்தும் தந்தார். நான் பழைய சைக்கிள் செயினை எடுத்து வந்து பலகையை விளாசத் தொடங்கியதும் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"அது உனக்கு என்ன குத்தம் செஞ்சது?"

"காயம் இரிக்கோணுமாம்."

"என்னில கோவமெண்டா நேர சொல்லுகா."

கதவுக்கு அடித்து மிஞ்சிய மண்ணிறப் பெயின்டை முதலில் பூசினேன். காய்ந்ததும் ஓரங்களிலும் செயின் பட்ட இடங்களிலும் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தேன். மெழுகு இருக்கும் இடத்தில் பெயின்ட் பிடிக்காது, வித்தை அவ்வளவுதான். அதற்கு மேல் வெள்ளை. அதுவும் காய்ந்த பிறகு சாண்ட் பேப்பரால் உரசினால், மெழுகு பட்ட இடமெல்லாம் வெள்ளை உதிர்ந்து அடியிலுள்ள மண்ணிறம் எட்டிப் பார்க்கும். எழுத்துகளைப் பென்சிலால் கீறி, கறுப்பால் எழுதினேன். 'வா'வின் வளைவு சரியாக விழுந்தபோது என்னையறியாமல் சிரித்தேன். எழுத்தையும் லேசாக உரசிவிட்டேன். வார்னிஷ் வாங்கவில்லை. வாவிக்காற்றுக்குக் காவலாக மெழுகை உருக்கி எண்ணெய் விட்டு, பலகை முழுக்கத் துணியால் பூசி வேலியில் சாய்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மிஸ்ஸின் சமையலறையை ஒழுங்குபடுத்தப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது பலகை நீலமாக இருந்தது.

முழு நீலம். என் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மச்சாள், அவருடைய அக்கா, கையில் பிரஷ்ஷோடு நின்றார். அடுத்த கிழமை அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்கு. சடங்குக்குக் கோயில் கதவு திறக்கும் முன்னம் ஊரில் உரிந்த கேற், உரிந்த ஜன்னல் ஒன்றும் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மச்சாள் தன் கேற்றை முடித்துவிட்டு எங்கள் வேலிக்கும் வந்திருக்கிறார்.

"சடங்கு வருது, இப்பிடியொரு உரிஞ்ச பலகைய வாசல்ல வெச்சிருக்காய். பாத்துக்கு நிக்க ஏலாமப் போச்சுகா. நல்ல பெயின்ட், தோணிக்கு அடிச்ச மிச்சம்."

"மச்சாள்... அது பழசில்ல. நான்தான் பழசாக்கினன்."

"புதுசை ஆரும் பழசாக்குவாங்களா? உனக்கென்ன விசரா?"

"மிஸ் கேட்டவ. நாளைக்குக் குடுக்கோணும்."

மச்சாளின் முகம் சுருங்கியது. பிரஷ்ஷைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா என்றார். துடைத்தால் என் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

என்ன செய்வதென்று தெரியாமல் பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நீலம் தோலாகக் கிளம்பி வந்தது. மாம்பழத் தோல்போல, ஒரே இழுவையில் ஒரு விரல் நீளம். அடியில் என் வெள்ளை அப்படியே கிடந்தது. வார்னிஷ் வாங்க மனமில்லாமல் பூசிய அந்த மெழுகு!

"சிரட்டை ஒண்டு உடைச்சுத் தாங்க மச்சாள்" என்றேன். நான் அவருக்கு வேலை சொன்னது அன்றைக்குத்தான். அவரும் ஓடிப் போய்க் கொண்டு வந்தார்.

உடைந்த தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தோம். முதலில் 'வீடு' வந்தது, பிறகு 'கரை' வந்தது. மெழுகு சரியாகப் படாத மரக்கீறல்களிலும் செயின் காயங்களிலும் மட்டும் நீலம் விடாமல் பிடித்திருந்தது. வெள்ளைக்குள் நீலம், நீலத்துக்குப் பக்கத்தில் மண்ணிறம். பல காலம் வாவியில் ஓடி, ஒவ்வொரு சடங்குக்கும் ஒவ்வொரு நிறம் பூசிய தோணியின் பக்கப்பலகைபோல இருந்தது. போனில் மிஸ் காட்டிய படம் இதற்குக் கிட்ட வராது. அதை நான் வெட்கப்படாமலே எழுதுகிறேன்.

"இதுக்குத்தானா இவ்வளவு பாடு?" என்றார் மச்சாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நீலம்தான் எடுப்பு" என்றார்.

சனிக்கிழமை காலை மிஸ் பலகையில் கையை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

"இந்த நீலம் எப்பிடி யோசிச்சீங்க?"

"யோசிக்கல்ல மிஸ். மச்சாள் அடிச்சவ. நான் உரிச்சன்."

மிஸ் சிரித்த சிரிப்புக்கு வாசலில் நின்ற கொக்கு எழும்பிப் பறந்தது. இரண்டு அறைக் கதவுகளுக்கும் சின்னப் பலகைகள் வேண்டும், அதே கையால், அதே நீலத்தோடு என்றார்.

"செய்றன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி ஆணி அடிக்க, நான் றோட்டின் நடுவுக்குப் போய் நின்று பார்த்தேன். கல்முனைப் பக்கமிருந்து வந்த வான் ஒன்று எனக்காக வேகத்தைக் குறைத்தது. ஓட்டி வந்தவர் தலையை வெளியே போட்டுப் பலகையை வாசித்தார். வேறு நாளென்றால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியிருப்பேன்.

"இடப்பக்கம் கொஞ்சம் உசத்துங்க" என்று கத்தினேன். "இன்னும். இன்னும் கொஞ்சம். ஓம், அதான்."