ஒப்பிட ஒரு ரத்தம்

வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கினால் போதாது. அதைக் கொல்ல ஒரு நொதி வேண்டும். பெங்களூரில் எங்கள் ஆஸ்பத்திரி லேபில் அதைச் சோதிக்க ஒரு மஞ்சள் சாயம் இருந்தது. நொதி இருந்தால் அணு நீலமாகும். பிறவியிலேயே நொதி இல்லாத பிள்ளைகளுக்கு நிறம் மாறாது. சாயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய, ஒவ்வொரு முறையும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் கூடவே சோதிப்போம். அதைக் கொடுத்தவர் எங்கள் வாட்ச்மேன்.

ஈஜிபுராவிலிருந்து சைக்கிளில் வருவார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. கூப்பிட்டால் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வருவார்.

"நீலமாச்சா சார்?"

"சூப்பரா ஆச்சு."

முகம் மலர்ந்துவிடும். தன் ரத்தத்தை அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றுகிறோம் என்று அவர் நம்பியது எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. திருத்தினால் வேறு ஆள் தேட வேண்டுமே.

நாங்கள் சோதித்த ஒரு சிறுவன் நுரையீரலில் சீழ் கட்டி இறந்துபோனான். வாட்ச்மேன் லேப் கதவருகே வந்து நின்றார்.

"சார், அந்தப் பையனுக்கு ரத்தம் குடுத்த அன்னிக்கு காலைல ஒண்ணே ஒண்ணு பீடி இழுத்துட்டேன். அதனாலயா?"

அவருடைய ரத்தத்தைச் சோதனை முடிந்ததும் அன்றே கழுவுதொட்டியில் கொட்டியிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா."

அவர் நம்பவில்லை. அடுத்த முறை கூப்பிட்டபோது, கையை நீட்டுவதற்கு முன் என் முகத்தருகே வாயால் ஊதிக் காட்டினார்.

"மோந்து பாருங்க சார். ஒரு மாசமா தொடல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஊசியைக் குத்தினேன்.