மஞ்சள் வில்லை

நானும் அப்பாவும் காளையும் குற்றாலம் சாலையில் ஒரு பண்ணை வாசலில் நிற்கிறோம். காளையை வளர்த்த அம்மா வரவில்லை. இளங்காளைகளைச் சேர்த்து வளர்த்து, எடை நன்றாக ஏறுவதைப் பொலிகாளையாக்கும் தேர்வு இங்கே நடக்கிறது. சேர்க்க இன்றே கடைசி. வயதும் எடையும், நோயில்லை என்ற ரத்தச் சான்றும் சரி. பண்ணை மருத்துவர் காளையின் காதைப் பிடித்துப் பார்க்கிறார்.

“ஓட்டைதான இருக்கு, மஞ்சள் வில்லை எங்க அண்ணாச்சி? நம்பர் இல்லாம, இந்தச் சான்று இந்தக் காளைக்குத்தான்னு எப்படி நம்ப?”

“காலைலதான் அறுத்தேன் சார். காதுல வில்லை கெடந்தா பேங்க் லோன்ல வாங்குன மாடுன்னு ஊர்க்காரன் சிரிப்பாம்லா.” அப்பா மடியிலிருந்து வில்லையை எடுத்து நீட்டுகிறார்.

“கையில இருந்து என்ன செய்ய? புது வில்லை போட்டு, மறுபடி ரத்தம் எடுக்கணும். ரூவாய இப்பமே கட்டுனா இன்னைக்கே சேத்துக்கிடுவோம், முடிவு பொறவு வரட்டும்.”

வண்டி வாடகை போக எங்களிடம் ஒன்றும் இல்லை. வாசலுக்கு வெளியே, திருப்பி அனுப்பும் காளைகளைக் கேரளத்துக்கு ஏற்றும் அடிமாட்டுத் தரகர் லாரியோடு நிற்கிறார்.

“என்னடே தம்பி, நம்ம வண்டிக்கா?”

காளை என் முழங்கையை நக்குகிறது. அப்பா கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு தரகரிடமே போகிறார். ரத்த முடிவு தவறினால் காளை அவருக்கு, தேறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு. தரகர் சிரித்துக்கொண்டே கட்ட வேண்டியதை எண்ணித் தருகிறார்: ஆயிரத்து நானூறு ரூபாய்.