ஆணியில் தொங்கிய தூசிப் பெட்டி

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலே வரும்போது எல்லார் முகமும் கரி அப்பியிருக்கும். கூரைப் பாறையில் துளை போடுகிற அவர் முகம் மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அதனால் 'பவுடர்' என்று பெயர் விழுந்தது. இருபத்திரண்டு ஆண்டு அந்தக் கேலியைப் பெருமையாகவே சுமந்தார். தூசி நோயெல்லாம் கரி வெட்டுகிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தார்.

ஐம்பத்து மூன்று வயதில், வீட்டுக்கு ஏறும் நாற்பத்தொரு படியில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. வேலையை விட்டார். துளைப்பான் தங்கையின் கணவர் கைக்குப் போனது. மனைவி இறந்து ஆறு வருடம். ஞாயிறு மாலை அந்த மச்சானும் பழைய கூட்டாளிகள் மூவரும் சீட்டாட வருவார்கள். அவர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது அன்று ஒரு நாள்தான்.

டாக்டர் அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கரித்தூசி பெரும்பாலும் கார்பன். அதுவும் நெஞ்சைக் கெடுக்கும், ஆனா மெதுவா. நீங்க துளைச்சது மணற்கல், அதுல சிலிக்கா இருக்கு. கண்ணுக்கே தெரியாத பொடி. உள்ள போனா வெளிய வராது, நுரையீரலைத் தழும்பாக்கிடும்." ஆய்வுக்கூடத் தாளைப் புரட்டினார். "ஆனா உங்க இடத்துல சிலிக்கா நூத்துக்கு ரெண்டுன்னுதான் பதினோரு வருஷமா எழுதியிருக்கு. அதனாலதான் தூசி பறக்காம தண்ணி பீய்ச்சுற துளைப்பான் வேணாம்னுட்டாங்க. எப்படின்னு புரியல."

அவருக்குப் புரிந்தது. காற்றில் உள்ள தூசியை அளவெடுக்கும் நாளில் தோளில் மாட்டிவிடும் தூசிப் பெட்டியின் குழாய் துளைப்பானில் சிக்கும். சுத்தக் காற்று வரும் வழியில் ஓர் ஆணி இருந்தது. பெட்டியை அதில் தொங்கவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். மச்சானுக்கு வேலை பழக்கியபோது ஆணியையும் காட்டிக்கொடுத்திருந்தார்.

ஞாயிறன்று சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஆபீஸ்ல போய் உண்மையச் சொல்லப்போறேன்."

"சும்மா இருங்க மச்சான். தண்ணிக் குழாய் இழுக்குறேன்னு வேலைய நிறுத்திடுவான். எங்க வயித்துல அடிக்காதீங்க."

"உன் நெஞ்சு போயிடும்டா."

"பவுடருக்கு இப்பத்தான் முகம் கழுவத் தோணுது," என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெட்டியை மச்சானின் தோளிலேயே வைத்து மறுபடி அளந்தார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது. அன்றே துளை போடுவது நின்றது. முப்பத்தெட்டு நாள் நான்கு பேருக்கும் வேலையில்லை. ஐந்து ஞாயிறு கடந்தும் ஒருவர்கூடப் படியேறவில்லை. தானே இரண்டு கை சீட்டுப் போட்டு ஆடிப்பார்த்தார். எந்தக் கை ஜெயித்தாலும் ஏச ஆளில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் தண்ணீர்த் துளைப்பானோடு வேலை தொடங்கியது. ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் மச்சான் வந்தார். தலை முதல் பூட்ஸ் வரை சாம்பல் நிறச் சேறு. சட்டையை உதறினார், தூசி பறக்கவில்லை, தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"தொப்பலா நனஞ்சு போறேன், நல்லாப் பாத்துக்குங்க! இப்ப திருப்தியா?"

"மேல வாடா, துண்டு தர்றேன்..." மீதியை இருமல் விழுங்கியது.

அவர் தலை நிமிர்ந்தபோது மச்சான் இல்லை. ஈரக் காலடித் தடம் தெருமுனைவரை போயிருந்தது. அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.