நம்பர் போட்டு எழுதிய மனு

கோலார் தங்கச் சுரங்கத்து டைம் ஆபீசில் நான் குமாஸ்தா. என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஊரிகத்தில் கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் தமிழ்த் தொழிலாளிகள் நடத்திய சங்கத்துக்கும் எழுத்து வேலை என்னுடையதுதான்.

அந்த வருஷம் எங்கள் மேஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது. நாம் எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவான். காலியான நாற்காலிக்குக் கோலார் வக்கீல் ஒருவரின் பெயர் அடிபட்டது. தமிழ் தெரிந்தவர், கூலிக்காரனையும் உட்காரவைத்துப் பேசுகிறவர். கம்பெனி வேறொருவருக்காக மைசூர் வரை ஆள் அனுப்பியிருந்தது. நாம் மட்டும் வாயில் விரலை வைத்துக்கொண்டு இருப்பதா என்று சங்கம் கூடியது. வக்கீலையே நியமிக்கச் சொல்லி மைசூர் சர்க்காருக்கு மனு அனுப்ப முடிவாயிற்று.

எனக்குச் சொந்த அவசரமும் இருந்தது. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த என் அண்ணனின் சாப்பாட்டுத் தூக்கில் தங்கக்கல் இருந்ததாகச் சொல்லி அவரை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். வேறு யாரோ போட்டது என்று அவர் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. விசாரணை புது மேஜிஸ்திரேட் முன்னால்தான் வரும்.

"அவர வுட்டுடணும்னு எழுதாதீங்க தம்பி," என்றார் அண்ணி. "சொல்றத முழுசா கேக்குற ஆளு வேணும்னு எழுதுங்க. அது போதும்."

அதையே மனுவின் முதல் வரியாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். பக்கத்தில் பெயரை எழுத வேண்டியது நான். தினமும் நம்பர் பொறித்த பித்தளை வில்லையைப் பார்த்து ஆளைப் பதிகிறவனுக்கு, முகத்தைக் கண்டதும் நம்பர்தான் கைக்கு வந்தது. ஒருவர் விடாமல் நம்பராகவே எழுதித் தள்ளிவிட்டேன்.

மறுநாள் சங்கத் தலைவரான மேஸ்திரி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க? பேருன்னா ஒரு லைன்ல நாலு பேருக்கு ஒரே பேரு, யாருன்னு புடிக்க முடியாது. இந்த நம்பரு கம்பெனி கண்ணுல பட்டா அத்தினி பேரும் வூட்ட காலி பண்ண வேண்டியதுதான்."

மனுவைக் கொண்டுபோகிறவர் மாலை ரயிலில் கிளம்ப வேண்டும். புதிதாக எழுதி எல்லோரையும் திரட்ட நேரமில்லை. ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு மேலே வந்தபோது ஷாஃப்ட் வாசலில் நின்று என் முட்டாள்தனத்தைச் சொன்னேன். வேண்டாம் என்பவர்களின் நம்பரை அடித்துவிடுவதாகவும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "பேரு போட்டா எவனோ ஒருத்தன். நம்பரு போட்டா நான்தான். அப்பிடியே போவட்டும்."

ஒருவர்கூடத் தன் நம்பரை அடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. கடைசியாக அண்ணி வந்தார். "எனக்கு நம்பர் இல்லியே தம்பி?" கம்பெனி பிடுங்கிக்கொண்ட அண்ணனின் நம்பரை அவர் கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுதினேன்.

வக்கீலே மேஜிஸ்திரேட்டாக வந்தார். எங்கள் மனுவால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் லைனில் போய் 'தெரியாது' என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. யாருடைய வீடும் காலியாகவில்லை.

விசாரணை நாளில் அவர் தமிழிலேயே கேட்டார்: "உங்க பேர் என்ன?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், நம்பரைச் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"அது கம்பெனி கொடுத்தது. வீட்டில் வைத்த பேரைச் சொல்லுங்க."

அண்ணன் ஒருமுறை அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உரக்கத் தன் பெயரைச் சொன்னார், அப்பா பெயரையும் சேர்த்து. அதன்பின் மத்தியானம் வரை பேசினார். துபாஷி ஜன்னலோரம் வேலையில்லாமல் நின்றிருந்தான்.

விடுதலை என்ற தீர்ப்பு மறுவாரம்தான் வந்தது. அண்ணி அதுவரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே கோர்ட் வாசலில், "முழுசா கேட்டாரு தம்பி," என்று சொல்லி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.