கேமராவுக்கு வைத்த குங்குமம்

கங்கம்மாவுக்கு உழைக்கிற எதுவும் உயிருள்ளதுதான். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் மோட்டாரை, "பாவம், மூச்சு வாங்குது பாரு" என்று தட்டிக்கொடுப்பார். தேய்ந்த துடைப்பத்தைக் குப்பையில் போட மனசு வராமல் தோட்டக்காரரிடம் கொடுத்துவிடுவார். இதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. அவர் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

வீடு இரும்புலியூரில். வேலை, தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கான்ட்ராக்டில் துப்புரவுப் பணி. கூடத்தின் பெயர் நமக்கெதற்கு? அந்த வேலையோடு வந்த ஈ.எஸ்.ஐ. கார்டுதான் கங்கம்மாவுக்குச் சொத்து. மூட்டை தூக்கிப் பிழைத்த கணவர் ரங்கன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளிலிருந்து, அவருடைய மாத்திரை, ஸ்கேன் எல்லாம் அந்தக் கார்டில்தான் ஓடுகிறது.

கூடத்தின் பின்பக்கம் ஒரு கிடங்கு. பழைய ஆராய்ச்சிக்கு வாங்கிய யுரேனியம் அங்கே இரும்புக் கூண்டுகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கூண்டுக் கதவிலும் செப்புக் கம்பி கோத்த சீல், உத்தரத்தின் மூலையில் ஒரு கேமரா. இரண்டும் வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையைச் சேர்ந்தவை. "இங்கே இருந்தது இங்கேயே இருக்கிறது, ஒரு சிட்டிகைகூட வெடிகுண்டுக்குப் போகவில்லை" என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்ல, நம் நாடே சம்மதித்து மாட்ட வைத்தவை. இந்த விவரமெல்லாம் கங்கம்மாவிடம் யார் சொன்னார்கள்? கம்பியைத் தொடாதே என்றார்கள். அவரும் தொட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. கூடமே அமர்க்களப்பட்டது. பக்கெட், டிராலி, ஜெனரேட்டர், ஆபீசர்களின் கார் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம். உற்சாகத்தில் யாரோ வருகைப் பதிவு மிஷினில் விரல் வைக்கும் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட, மறுநாள் பாதிப் பேருக்கு ஆப்சென்ட் விழுந்தது. அந்தக் கூத்தை வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

கிடங்கைக் கூட்டுவது கங்கம்மாவின் பொறுப்பு. காவலாளி கதவைத் திறந்துவிட்டு, பொரியைக் கொறித்தபடி வாசலில் வெளியே பார்த்து நின்றார். கங்கம்மா ஒட்டடை ஏணியில் ஏறினார். கேமரா அவரையே பார்த்தது. எல்லாருக்கும் பொட்டு வைத்தாயிற்று, இதற்கு மட்டும் இல்லையா? குழைத்த சந்தனத்தை அதன் கண்ணாடியில் அழுத்தித் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்.

வியன்னாவுக்குப் போன படங்கள் இருண்டன.

விஷயம் தெரிந்ததும் கிடங்குப் பொறுப்பாளர் ராஜகோபால் அங்கே போய்வந்த எல்லாருடைய பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்று முகம் சரியில்லை.

"யாரு பண்ணினதுன்னு தெரியலைன்னா, யாரோ வேணும்னே மறைச்சிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. அது நம்ம நாட்டுக்கே கெட்ட பேரு. வியன்னாவிலேருந்து இன்ஸ்பெக்டர்ஸ் வராங்க, ஒவ்வொரு கூண்டையும் திறந்து அளக்கப்போறாங்க. அதுவரைக்கும் யாரும் அந்த கேமராவைத் தொடாதீங்க."

கங்கம்மா மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் பத்ரி அவரைத் தனியாக இழுத்துப் போனான்.

"யக்கா, நீதான?"

"ஆமா பத்ரி. அதுவும் வேலை செய்யிற மிஷினுதானே..."

"வாய மூடு. கதவு வரிக்கும்தான் பொட்டு வெச்சேன், உள்ள ஏணியில ஏறவே இல்லனு சொல்லு. அன்னிக்கு ஊரே குங்குமக் கிண்ணத்த தூக்கினு சுத்திச்சு. யாருக்குத் தெரியும்? ஒத்துக்கினேன்னு வெய்யி, உன் பாஸு, வேலை ரெண்டும் அவ்ளோதான்."

அன்று வீட்டில் ரசம் கொதித்து வழிந்தது, கங்கம்மா கவனிக்கவில்லை. ரங்கன்தான் தட்டுத்தடுமாறி எழுந்து அடுப்பை அணைத்தார். அவர் என்னவென்று கேட்டதும் கங்கம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இன்னா பண்ணப்போற?" என்றார் ரங்கன்.

"தெர்ல. பாஸு போச்சுன்னா உன் மாத்திரைக்கு எங்க போவேன்?"

ரங்கன் மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்தார். "நான் மாத்திரைய நெனச்சா, உன்ன பொய் சொல்லுனுதான் சொல்வேன். என்ன கேக்காத. நீயே முடிவு பண்ணு கங்கா." அந்தக் கறாரான மனுஷனின் குரல் உடைந்துபோயிருந்தது. கங்கம்மாவுக்கு அவர்மேல் அன்றுதான் இவ்வளவு ஆசை வந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். மார்த்தா என்ற அர்ஜென்டினாப் பெண்மணி, கூடவே பேசாத ஒரு ஜப்பான்காரர். ராஜகோபாலின் ஆட்கள் ஒவ்வொரு கூண்டாகத் திறக்க, அவர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். கேண்டீன் டீயைக்கூடத் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார்கள். பிறகு கிடங்குக்குப் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

கங்கம்மா உள்ளே போனபோது மேசைமேல் அவருடைய பாஸ் கிடந்தது. மார்த்தா கேட்டதை ராஜகோபால் தமிழில் சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஏணியில ஏறினீங்களா?"

பத்ரி சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தான் இல்லையென்றால், யாரோ முகம் தெரியாத திருடன் அங்கே வந்துபோனதாகத்தானே ஆகும்? இல்லாத திருடனை எத்தனை நாட்டுக்காரர்கள் தேடுவார்கள்?

"ஏறினேன் சார். நான்தான் வெச்சேன். வேற யாரும் இல்ல. யாரும் வெக்கவும் சொல்லல" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

மார்த்தா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். கேமரா இருண்டுபோவதற்கு முன் எடுத்த கடைசிப் படம். திரை முழுக்கக் கங்கம்மாவின் முகம். கண்கள் மூடியிருக்கின்றன. ஒரு கையில் கிண்ணம், மறு கை நெஞ்சருகே கும்பிட்டபடி. உதடு ஏதோ முணுமுணுப்பதுபோல் பாதி திறந்திருக்கிறது. அவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார்கள். உள்ளே வந்தவர் யார் என்பது தெரியும். அவர் வாயால் என்ன சொல்கிறார் என்பதைத்தான் கேட்க வந்தார்கள்.

"இதுல என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு கேக்கறாங்க" என்றார் ராஜகோபால்.

கங்கம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது ராவும் பகலும் தூங்காம ஒரே எடத்தையே பாத்துனு கீது சார். அதுக்குக் கண்ணு நோவக்கூடாதுனு வேண்டிக்கினேன்."

ராஜகோபால் அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்து, சொல் சரியாக வராமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மார்த்தா கண்ணாடியைக் கழற்றினார். பேசாத ஜப்பான்காரர் கங்கம்மாவைப் பார்த்து மெல்லத் தலை தாழ்த்தினார்.

"எத்தனையோ நாட்டுல இதை மாட்டியிருக்காங்களாம்" என்று ராஜகோபால் மார்த்தாவின் பேச்சைச் சொன்னார். "சந்தேகப்படறாங்கன்னு எல்லா ஊர்லயும் இதைத் திட்டத்தான் செய்வாங்களாம். அளந்ததெல்லாம் சரியா இருக்கு. நீங்க சொன்னதும் படமும் ஒத்துப்போகுது. அப்படியே எழுதிடறேன்னு சொல்றாங்க."

பிறகு ராஜகோபால் தன் பேச்சாக, "இனிமே கிடங்குக்குள்ள எதுக்கும் பொட்டு கிடையாது கங்கம்மா. நான் சொல்லித் தந்திருக்கணும். தப்பு என்மேலயும்தான்" என்று பாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி கங்கம்மா வீட்டுக்குப் போன் போட்டார். லாரிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"யோவ், மாத்திர எவ்ளோ கீது? நாளிக்கு லீவு சொல்ட்டேன், ஈ.எஸ்.ஐ. போயி வாங்கியாந்துடலாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவதுபோல் ஏதோ கேட்டது. ரங்கன் அழுகிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் கங்கம்மாவுக்குப் புரிந்தது. "இன்னாத்துக்குய்யா அழுவுற" என்று அதட்டிவிட்டு, அந்த இரைச்சலில் அவரும் நின்று அழுதார்.